மழைக்காலத்திலும் நமுக்காத மொறு ரொட்டி: விருந்துக்கு வீட்டிலேயே செய்யும் முறை

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் மாலை மழை இறங்கிவிட்டால், மேசைமேல் திறந்து வைத்த முறுக்கு, ஓமப்பொடி, பிஸ்கட் எதுவும் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அப்பளம் அதற்கும் முன்னாலேயே வளைந்துவிடும். இந்த ஊரில் இருந்துகொண்டு விருந்துக்கு மொறுமொறுப்பான ரொட்டித் துண்டு வைக்க வேண்டுமென்றால், ஐரோப்பியச் சமையல் குறிப்புகளில் இருப்பதை அப்படியே செய்தால் போதாது. 180 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து, பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடச் சொல்வார்கள். அவர்கள் ஊர்க் காற்றுக்கு அது சரி. இங்கே மேலே பொன்னிறம் வந்திருக்கும், நடுவில் ஈரம் நிற்கும். அந்த ஈரமும் காற்றில் உள்ள ஈரமும் சேர்ந்துகொண்டு, விருந்தாளி கையில் எடுப்பதற்குள் ரொட்டியை இழுவையாக்கிவிடும்.

நான் வீட்டிலிருந்தே விருந்துகளுக்குச் சிற்றுண்டி செய்து கொடுக்கிறேன். பிறந்த நாள், நிச்சயதார்த்தம், தீபாவளித் திறந்த இல்லம் (பண்டிகைக்கு வீட்டைத் திறந்து வைத்து எல்லாரையும் அழைக்கும் விருந்து), ஆசிரியர்களின் பணி ஓய்வு விருந்து என்று எதுவாக இருந்தாலும், முதலில் வருகிறவர்கள் கையில் எடுத்துக் கடிக்க ஒரு தட்டு வேண்டும். முன்பெல்லாம் அந்தத் தட்டில் கறிபாவ் அல்லது வடைதான் இருக்கும். இப்போது நிறைய பேர் ரொட்டித் துண்டு கேட்கிறார்கள். இத்தாலிக்காரர்கள் க்ரொஸ்தினி என்று செய்வார்களே, ஒரு வாய், இரண்டு வாயில் முடிந்துவிடும் சின்னத் துண்டு, மேலே ஏதாவது கறி, அதுதான். எண்ணெயில் பொரிப்பதில்லை, முதல் நாளே செய்து வைக்கலாம், செலவும் குறைவு. நமுத்துப்போன ரொட்டியை ஒரு விருந்தாளி முன்னால் நீட்ட எனக்கு மனம் வராது. அதனால் நான் செய்யும் முறையை முழுதாகவே எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரொட்டியை முதலில் உலர்த்த வேண்டும், அப்புறம்தான் சிவக்க வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே தீயில் முடிக்கப் பார்க்கக் கூடாது.

சாதாரண வெள்ளை ரொட்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான். சிவக்கும் வேலை மேல்தோலில் நடக்கிறது. 140 டிகிரிக்கு மேல் சூடேறும்போது மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் சேர்ந்து அந்த நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912இல் இதைப் பற்றி எழுதினார், இன்றும் அவர் பெயரில்தான் அது வழங்குகிறது. ஆனால் நடுவில் இருக்கும் தண்ணீர் வெளியேற நேரம் வேண்டும். தீயைக் கூட்டினால் தோல் முந்திக்கொள்ளும், நடுப்பகுதி பின்தங்கிவிடும். மலேசியாவில் காற்றின் ஈரப்பதம் மாத சராசரியாகவே 70 முதல் 90 விழுக்காடு வரை இருக்கிறது. ரொட்டி தன் ஈரத்தையும் உள்ளே வைத்துக்கொண்டு வெளி ஈரத்தையும் உறிஞ்சினால் மொறுமொறுப்பு எங்கே நிற்கும்?

எந்த ரொட்டி

எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, மாலையில் மோட்டார் சைக்கிளில் ரொட்டிக்காரர் வருவார். பின்னால் பெட்டி, பெட்டியைச் சுற்றிலும் பொட்டலம் பொட்டலமாகத் தொங்கும், ஹாரன் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் வாசலுக்கு ஓடுவார்கள். அவரிடம் வெட்டாத பெங்காலி ரொட்டி கிடைக்கும். நான் பெரும்பாலும் வாங்குவது அதைத்தான். மேல்தோல் தடிப்பாக, பழுப்பாக இருக்கும். உள்ளே பஞ்சு இருந்தாலும் கையில் எடுத்தால் ஒரு கனம் தெரியும். இனிப்பும் குறைவு. உலர்த்தினால் நன்றாக இறுகும், மேலே வைக்கும் கறியைத் தாங்கும்.

நீளமான பிரெஞ்சு ரொட்டி, அதாவது பகெத், இந்த வேலைக்கென்றே அமைந்தது மாதிரிதான். எண்ணெயும் சர்க்கரையும் சேர்க்காமல் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் மட்டும் போட்டுச் செய்வது. ஈப்போவுக்குப் போகும்போது பேரங்காடியில் வாங்கி வருவேன். அரை மீட்டர் நீளமுள்ள ஒரு பகெத்தைச் சாய்வாக வெட்டினால் முப்பது துண்டுக்குக் குறையாமல் கிடைக்கும்.

கார்டீனியா, மாசிமோ மாதிரி பிளாஸ்டிக் பையில் வரும் மென்மையான ரொட்டியிலும் செய்யலாம், எல்லாக் கடையிலும் கிடைப்பது அதுதானே. அதற்கு மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஓரத்தை வெட்டிவிட்டு, சப்பாத்திக் கட்டையால் ஒரு தடவை லேசாக உருட்டித் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உள்ளே காற்றுப் பஞ்சாகவே நின்று, கடித்ததும் பொடியாக உதிரும். பிறகு நான்காக வெட்டுங்கள். மூன்றாவது, அதில் சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் கருகும், ஆகவே சிவக்க வைக்கும் இரண்டாவது தீ 160 டிகிரியைத் தாண்டக் கூடாது.

பன், பால் ரொட்டி, திராட்சை போட்ட ரொட்டி இவையெல்லாம் வேண்டாம்.

எங்கள் அம்மா ஹீவூட் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்த காலத்தில், மிஞ்சிய பெங்காலி ரொட்டியை விறகடுப்புத் தணலுக்கு மேல் கம்பி வலையில் அடுக்கி இரவு முழுக்க விட்டுவிடுவார். விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்குமுன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகுமுன் அதைத்தான் தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிடுவார்கள். டப்பாவில் போட்டு மூடினால் ஒரு வாரம் கெடாது. குறைந்த சூடு, நிறைய நேரம், கீழேயும் காற்று. நான் ஓவனில் செய்வது அதே முறைதான், அதைவிடப் புதிதாக ஒன்றுமில்லை.

வெட்டுவது

அன்றைக்குச் சுட்ட ரொட்டி கத்திக்கு நசுங்கும். முதல் நாள் வாங்கியதுதான் வெட்ட நல்லது. அவசரத்துக்குப் புது ரொட்டி மட்டும்தான் இருக்கிறது என்றால், அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்து வெட்டுங்கள், அழகாக வெட்டுப்படும். ஃப்ரிட்ஜின் கீழ்ப் பகுதியில் மட்டும் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் மாவுச்சத்து வேகமாக இறுகி ரொட்டி விறைத்துப் போகும், ஆனால் தண்ணீர் உள்ளேயே இருக்கும். விறைத்த ரொட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள், அது காய்ந்ததில்லை.

பல் வைத்த ரொட்டிக் கத்தியை அழுத்தாமல் ரம்பம் இழுப்பதுபோல் இழுக்க வேண்டும். கனம் 1 சென்டிமீட்டர். கறி, சம்பல் என்று பாரமாக வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைக்காதீர்கள். தேங்காய்த் துவையல், பட்டர் மாதிரி இலேசான பூச்சு என்றால் முக்கால் சென்டிமீட்டர் போதும். வயதானவர்கள் வரும் விருந்து என்றாலும் அந்த அளவுதான் நல்லது. ஒரு பணி ஓய்வு விருந்தில் ஒரு பெரியவர் என்னிடம், "ஏம்மா, இது என் பல்லுக்கு ஆகுமா?" என்று கேட்டார். "இந்தப் பக்கம் இருக்கிறது மெல்லிசா வெட்டினது ஐயா, கடிச்சதும் உடைஞ்சிடும், பயப்படாம எடுங்க" என்று தனித்தட்டைக் காட்டினேன். ஆர்டர் எடுக்கும்போதே பெரியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு வைத்துக்கொள்கிறேன்.

எல்லாத் துண்டும் ஒரே கனம் இருக்க வேண்டும், இது அழகுக்காக மட்டும் இல்லை. ஒரு தட்டில் மெல்லியதும் தடித்ததும் கலந்திருந்தால், மெல்லியது கருகும் நேரத்தில் தடித்தது இன்னும் ஈரமாக இருக்கும்.

முதல் தீ

ஓவனை 130 டிகிரிக்குச் சூடேற்றுங்கள். துண்டுகளைத் தட்டில் பரப்ப வேண்டாம், கேக் ஆற வைக்கும் கம்பி வலைமேல் பரப்பி, அந்த வலையை ஓவன் தட்டின்மேல் வையுங்கள். அடியிலும் காற்று போக வேண்டும். இந்த நேரத்தில் எண்ணெய் தடவக் கூடாது. எண்ணெய் பூசினால் தண்ணீர் வெளியேறும் வழி அடைபடும்.

25 முதல் 30 நிமிடம். பாதியில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓவன் கதவை ஒரு கணம் திறந்து மூடுங்கள். முகத்தில் ஆவி அடிக்கும், அது ரொட்டியிலிருந்து வந்த தண்ணீர். சின்ன மேசை ஓவன்களில் ஆவி வெளியேற வழி குறைவு, அதனால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். அந்த ஓவன்களின் திருகில் எழுதியிருக்கும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பது அபூர்வம். பேக்கரிச் சாமான் கடையில் ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி கிடைக்கும், ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் எல்லாச் சமையலுக்கும் உதவும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க நான் தராசைத்தான் நம்புகிறேன். வெட்டிய ரொட்டியில் 100 கிராம் நிறுத்து அதை ஓரமாக அடுக்குங்கள். முதல் தீ முடிந்ததும் அந்தத் துண்டுகளை மட்டும் மறுபடி நிறுங்கள். 70 கிராம் அளவுக்கு வந்திருந்தால் சரி. 80 காட்டினால் நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்ப உள்ளே வையுங்கள். இரண்டு மூன்று தரம் இப்படிச் செய்த பிறகு தராசு தேவைப்படாது, துண்டைக் கையில் எடுத்ததுமே அந்த இலேசு தெரிந்துவிடும். விரல் நகத்தால் தட்டினால் சத்தம் காலிப் பெட்டி மாதிரி வரும். முதல் தீயில் ரொட்டி கிட்டத்தட்ட வெள்ளையாகத்தான் இருக்கும், ஓரம் மட்டும் இலேசாக மங்கும். நிறம் வரவில்லையே என்று தீயைக் கூட்டிவிடாதீர்கள்.

எண்ணெய், பூண்டு

இனி எண்ணெய் தடவலாம். முப்பது துண்டுக்கு 3 அல்லது 4 மேசைக்கரண்டி போதும். பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் மெல்லிசாக, ஓரங்களையும் விடாமல் தடவுங்கள். இந்த எண்ணெய்ப் பூச்சு வெறும் ருசிக்கு மட்டும் இல்லை, மேலே வைக்கும் கறியின் ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் கொஞ்ச நேரம் தடுத்து நிறுத்தும்.

இத்தாலி முறைக்கு ஆலிவ் எண்ணெய். நம் வீட்டுச் சம்பலுக்கும் பிரட்டலுக்கும் நெய்தான் எனக்குப் பிடித்தது. பட்டரில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது. நெய்யில் தண்ணீரைக் காய்ச்சி எடுத்துவிடுகிறோம். இவ்வளவு பாடுபட்டு உலர்த்திய ரொட்டிமேல் மறுபடி தண்ணீரைத் தடவுவானேன்? பட்டர் வாசனை வேண்டுமென்றால் உருக்கி, மேலே தெளிந்து நிற்பதை மட்டும் எடுத்துத் தடவுங்கள். சமையலுக்கு வைத்திருக்கும் செம்பனை எண்ணெயும் தாராளமாக ஆகும், அதற்கென்று தனி ருசி இல்லாததால் மேலே வைப்பதன் ருசி தூக்கித் தெரியும். எங்கள் ஊரைச் சுற்றிலும் பால்மரக் காடு (ரப்பர்) போய்ச் செம்பனை வந்துவிட்டது, வீட்டில் அந்த எண்ணெய் இல்லாத நாள் ஏது?

பூண்டு மணத்துக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒரு பூண்டுப் பல்லைக் குறுக்கே வெட்டி, இரண்டாவது தீயிலிருந்து எடுத்த சூட்டோடு ரொட்டியின் சொரசொரப்பான பக்கத்தில் ஒரு தேய் தேய்ப்பது. ரொட்டியே துருவிபோல் வேலை செய்து பூண்டை இழுத்துக்கொள்ளும். நான்கைந்து துண்டுக்கு ஒரு பல் போதும். இன்னொரு வழி, எண்ணெயை இளஞ்சூடாக்கி, தட்டிய பூண்டு, கறிவேப்பிலை, ஒரு காய்ந்த மிளகாய் போட்டு, பூண்டு சிவக்குமுன் இறக்கி வடிகட்டித் தடவுவது. கண்டிப்பாக வடிகட்டுங்கள், ரொட்டிமேல் ஒட்டிய பூண்டுத் துணுக்கு ஓவனில் கருகிக் கசக்கும். மிஞ்சிய பூண்டு எண்ணெயைப் போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைக்காதீர்கள். காற்றுப் படாத எண்ணெய்க்குள் பச்சைப் பூண்டிலிருந்து வளரும் கிருமி நஞ்சை உண்டாக்கும், மணத்திலோ ருசியிலோ அது தெரியாது. அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

உப்பு? ரொட்டியிலும் இருக்கிறது, கறியிலும் இருக்கிறது. நான் தூவுவதில்லை.

இரண்டாவது தீ

180 டிகிரி, 5 முதல் 7 நிமிடம், அவ்வளவுதான். ரொட்டி ஏற்கெனவே காய்ந்திருப்பதால் நிறம் சீக்கிரம் வரும். இந்த ஐந்து நிமிடமும் அடுப்பைவிட்டு நகராதீர்கள், போன் வந்தால் அப்புறம் பேசிக்கொள்ளலாம். ஓரம் தேன் நிறத்துக்கு வந்து நடு வெளிறிய பொன்னிறம் ஆனதும் எடுங்கள். கரும்பழுப்புக்கு விடாதீர்கள், ருசி கசக்கும் என்பதோடு, மாவுப் பொருள் அளவுக்கு மீறிக் கருகும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடும்.

ஓவனிலிருந்து எடுத்த உடனே கடித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சூடாக இருக்கும்போது நடுவில் கொஞ்சம் வளையும். ஒரு துண்டை மட்டும் வெளியே எடுத்து இரண்டு நிமிடம் ஆற விட்டு, இரண்டாக உடையுங்கள். சத்தம் வர வேண்டும், உடைந்த இடம் நேர்கோடாக இருக்க வேண்டும். நாராக இழுபட்டால் ஓவனை 130க்குத் தணித்து இன்னும் பத்து நிமிடம் விடுங்கள்.

ஓவன் இல்லாத வீடு

தோசைக்கல் போதும், இரும்புக் கல்லாக இருந்தால் இன்னும் நல்லது. தீயை முடிந்த அளவு தணித்து, எண்ணெய் இல்லாமல் துண்டுகளை அடுக்கி, ஒரு பக்கத்துக்கு எட்டிலிருந்து பத்து நிமிடம் விடுங்கள். மூடி போடாதீர்கள், மூடினால் ஆவி திரும்ப ரொட்டியிலேயே இறங்கும். இரண்டு பக்கமும் விறைத்ததும் எண்ணெய் தடவி, நடுத் தீயில் பக்கத்துக்கு ஒரு நிமிடம். ஒரு தடவைக்கு ஏழெட்டுத் துண்டுதான் வரும். பத்துப் பேர் விருந்துக்குச் சரி, ஐம்பது பேருக்கு இது ஆகாது.

ஏர் ஃப்ரையரில் 140 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம், எண்ணெய் தடவிய பிறகு 180இல் 2 அல்லது 3 நிமிடம். காய்ந்த ரொட்டி இலேசானது, உள்ளே இருக்கும் விசிறிக் காற்று அதைத் தூக்கி மேல் சூட்டுக் கம்பியில் ஒட்டவிடும். துண்டுகளுக்கு மேலே ஒரு சின்னக் கம்பி வலையைக் கவிழ்த்து வையுங்கள்.

டோஸ்டர் வேண்டாம். அது சிவக்க வைக்க மட்டும்தான், உலர்த்தாது.

ஆற வைப்பதும் டின்னும்

இங்கேதான் பாதிப் பேர் செய்த வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். சூடான ரொட்டியைத் தட்டில் கொட்டினால் அடியில் ஆவி தேங்கி அந்தப் பக்கம் நமுத்துவிடும். டின்னில் போட்டு மூடினால் எல்லாமே போச்சு. மழை நாளில் வெளியே வைத்து ஆற விடுவதும் சரியில்லை, ஆறும் நேரத்திலேயே காற்றின் ஈரம் ஏறிக்கொள்ளும். நான் ஓவனை அணைத்து, கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி, ரொட்டியை உள்ளேயே வலைமேல் விட்டுவிடுவேன். சிவப்பு ஏறிவிடக் கூடாது என்பதால் முதலில் ஒரு நிமிடம் கதவை அகலத் திறந்து சூட்டை விட்டுவிட்டு அப்புறம்தான் கரண்டி. ஓவனும் ரொட்டியும் சேர்ந்தே ஆறும்.

முழுதாக ஆறியது கையில் தெரிந்த பிறகுதான் டின். இறுக்கமாக மூடும் பிஸ்கட் டின் அல்லது மிலோ டின், சுத்தமாகக் கழுவி வெயிலில் காய வைத்தது. அடியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று, உணவுக்கென்று விற்பதாகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி அரிசியை வெறும் சட்டியில் நன்றாக வறுத்து, ஆறியதும் மெல்லிய துணியில் முடிந்து போடலாம். வறுக்காத அரிசியில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் அது அவ்வளவாக உறிஞ்சாது. இப்படி வைத்தால் நான்கைந்து நாள் தாங்கும். நெய் தடவியது அதற்கு மேல் வைத்தால் சிக்கு வாடை வரத் தொடங்கும்.

நமுத்தாலும் பயப்பட வேண்டாம், 150 டிகிரியில் நான்கைந்து நிமிடம் வைத்து எடுத்தால் திரும்பி வந்துவிடும். மேலே எதுவும் வைக்காத ரொட்டிக்குத்தான் இது பொருந்தும்.

மேலே என்ன வைப்பது

ஒரே ஒரு நிபந்தனைதான், தண்ணீர் விடக் கூடாது. நெத்திலிச் சம்பல் என்றால் எண்ணெய் பிரிந்து, கரண்டியில் எடுத்தால் சொட்டாமல் நிற்கும் வரை சுண்ட வையுங்கள். நெத்திலியைத் தனியாகப் பொரித்து, பரிமாறும்போது மேலே வைத்தால் அதுவும் மொறுமொறுப்பாக இருக்கும். சார்டின் டின் என்றால் குழம்பை வடித்துவிட்டு, மீனை மசித்து, வெங்காயம், பச்சை மிளகாயோடு சட்டியில் வதக்கி, இறக்கியதும் கஸ்தூரி எலுமிச்சை பிழியுங்கள்.

கோழி ஈரலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். இத்தாலியின் தஸ்கனி வட்டாரத்தில் க்ரொஸ்தினி என்றாலே கோழி ஈரல்தான். ஈரலை வெங்காயத்தோடு வதக்கி, உப்பிட்ட நெத்திலி வகை மீனும் கேப்பர் மொட்டும் சேர்த்து மசித்துத் தடவுவார்கள். நம் வீட்டு ஈரல் பிரட்டலுக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை. அரை கிலோ ஈரலை நரம்பு நீக்கிக் கழுவி, தண்ணீர் ஒட்டாமல் துடைத்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, இஞ்சி பூண்டு விழுது, சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் போட்டு ஈரலை வதக்குங்கள். உள்ளே சிவப்பு முழுக்க மாறும் வரை வேகட்டும், அதற்கு மேல் போனால் மணல் கடிக்கிற மாதிரி ஆகிவிடும். மிளகுத்தூளை இறக்கும்போது தாராளமாகப் போடுங்கள். ஆறியதும் நான்கைந்து பொரித்த நெத்திலியோடு சேர்த்து, ஒரு மேசைக்கரண்டி நெய் விட்டு, தண்ணீர் ஒரு சொட்டும் இல்லாமல் அரையுங்கள். அந்த நெத்திலி ஈரலின் பச்சை வாடையை அடக்கி ருசியைத் தூக்கும். ரொட்டிமேல் அரை விரல் கனத்துக்குத் தடவி, மேலே மெல்லிசாக அரிந்த வெங்காயம் இரண்டு இழை. எங்கள் வீட்டில் ஆர்டர் கொடுப்பவர்கள் மறுமுறை கேட்பது பெரும்பாலும் இதைத்தான்.

மலாய் நண்பர்களும் வருவார்கள் என்றால் ஹலால் கடையில் வாங்கிய கோழியாக இருக்கட்டும்; மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் நம்மில் நிறைய பேர் என்பதால் அதை நான் எந்தத் தட்டிலும் வைப்பதில்லை. எல்லாரும் ஒரே தட்டில் கை வைத்து எடுக்க வேண்டும்.

புரட்டாசி மாதத்தில் சைவம். முட்டையும் தவிர்ப்பவர்கள் இருப்பதால் ரொட்டிப் பையில் அச்சிட்டிருக்கும் பொருள் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். தேங்காயை வறுத்து, பொட்டுக்கடலை, காய்ந்த மிளகாய், புளி சேர்த்துத் தண்ணீர் விடாமல் இடித்த துவையல் அருமையாக உட்காரும். கத்தரிக்காயைத் தீயில் சுட்டு, தோலுரித்து, வடிகட்டியில் கால் மணி நேரம் நீர் வடிய விட்டு, அப்புறம் கடைந்து தாளிக்கலாம். தக்காளி வேண்டுமென்றால் விதையை நீக்கிப் பொடியாக வெட்டி, உப்புப் போட்டு அதே மாதிரி வடிய விடுங்கள். இந்த ஈரமான வகைகளுக்கு முன்னால் ரொட்டிமேல் உருக்கித் தெளிந்த பட்டர் ஒரு மெல்லிய பூச்சு பூசிக்கொண்டால் இன்னும் பத்து நிமிடம் கூடக் கிடைக்கும்.

பரிமாறும் நேரம்

ரொட்டி டின்னில், கறி கிண்ணத்தில். விருந்தாளிகள் வந்து உட்கார்ந்த பிறகுதான் இரண்டும் சேர வேண்டும். நிச்சயதார்த்த வீடுகளில் போட்டோ எடுப்பதற்காக ஒரு மணி நேரம் முன்னாலேயே அடுக்கி வைக்கச் சொல்வார்கள். நான் சம்மதிப்பதில்லை. போட்டோவுக்கு ஒரு சின்னத் தட்டு தனியாக அடுக்கித் தருகிறேன், சாப்பிடுவதற்கு உள்ளதை நேரத்தில் வைக்கிறேன். குளிர்சாதனம் உள்ள மண்டபத்தில் காற்று வறண்டிருப்பதால் கொஞ்சம் அதிக நேரம் கிடைக்கும். கூடாரம் போட்டு வாசலில் நடக்கும் விருந்தில் பத்து நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு மூன்று அல்லது நான்கு துண்டு என்று எடுத்துக்கொள்ளலாம், சாப்பாடு தாமதமாகும் என்றால் ஐந்து. மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அடுக்கிவிட்டு டின்னை உடனே மூடுங்கள், தட்டு காலியானதும் அடுத்தது. உதவிக்கு ஆள் இல்லாத வீடு என்றால் கறியைக் கிண்ணங்களில் கரண்டியோடு வைத்துவிட்டு, "நீங்களே எடுத்துத் தடவிக்குங்க" என்று சொல்லிவிடலாம். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். திறந்த இல்ல விருந்தில் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் வாசலில் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "இந்த மழையிலயும் நொறுங்குதுலா!" என்றார். அவருக்கு டின்னையும் கரண்டி செருகிய ஓவனையும் கூட்டிப்போய்க் காட்டினேன்.

மிஞ்சிய வெறும் துண்டுகளை மிக்ஸியில் பொடித்து, சல்லடையில் சலித்து, பையில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். மீன் கட்லெட்டுக்கும் உருளைக்கிழங்கு பெர்கெடிலுக்கும் புரட்டிப் பொரிக்க ஆகும். பூண்டு தேய்த்த துண்டுகளைத் தனியாகப் பொடியுங்கள், இனிப்புப் பலகாரத்துக்கு அந்தப் பொடி சேராது.